தறி நின்றபோது தர்ஷினி திரும்பவில்லை

கையெழுத்து வாங்கத்தான் போனேன். வேறு எதற்கும் போகவில்லை.

சோமனூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். மாசி மாதம், மதியம் மூன்று மணி இருக்கும். தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் எட்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே காலை வைத்ததும் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. பல்லுக்குள் அதிர்ந்தது. பஞ்சுத் தூசியும் மெஷின் எண்ணெய் வாடையும் தொண்டையை அடைத்தன.

என் கையில் ஒரு படிவம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் தர்ஷினி என்ற பெண்ணை 'வீட்டுவழிக் கல்வி' பட்டியலுக்கு மாற்றச் சம்மதம் என்று அவள் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அவள் பள்ளிக்கு வர வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை எங்கள் சிறப்பாசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுப்பார். பெயர் மட்டும் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். எழுந்து நடக்கவே முடியாத பிள்ளைகளுக்காக வந்த ஏற்பாடு அது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகளைத் தள்ளிவிடவும் சில பள்ளிகள் அதைப் பயன்படுத்தும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

பெண்ணும் ஷெட்டில்தான் இருந்தாள். காகிதம் தயாராகும் முன்பே, "இனிமே வீட்டிலேயே இருக்கட்டும்" என்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பிவிட்டார். பத்து வயதுப் பெண் தறிக்கு நடுவே நிற்பது சட்டப்படி தப்பு. அதையும் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

அவள் அப்பா சின்னச்சாமி மூன்றாவது தறிக்குப் பின்னால் நின்றார். அந்தச் சத்தத்தில் யாரும் வாய்விட்டுப் பேச முடியாது. உதட்டை அசைப்பார்கள், கையைக் காட்டுவார்கள், புருவத்தை ஏற்றுவார்கள். சின்னச்சாமி உதட்டை அசைத்து இரண்டு விரலைக் காட்டினார். தர்ஷினி கூடையிலிருந்து நூல் சுற்றிய தார்க் குச்சிகள் இரண்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் இன்னும் ஏதோ சொன்னார். அவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, நாலு அடி நடந்து காட்டினாள். தறி முதலாளியைப் போல. சின்னச்சாமி தறியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இந்தப் பெண்ணுக்குத்தான் எங்கள் சான்றிதழ் 'அறிவுத்திறன் குறைபாடு' என்று சொல்கிறது.

அப்போது கரண்ட் போனது.

எட்டுத் தறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. திடீர் அமைதியில் என் காதுக்குள் வண்டு பறந்தது. தர்ஷினி சுவர்ப் பக்கம் திரும்பிக் காலிக் குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, டீச்சருக்குத் தண்ணி கொண்டா கண்ணு" என்றார் சின்னச்சாமி.

திரும்பவில்லை.

"ஏய் அம்மணி!"

திரும்பவில்லை. அவர் கீழே கிடந்த கழிவு நூலை உருண்டையாகச் சுருட்டி அவள் முதுகில் எறிந்தார். உடனே திரும்பினாள். அவர் உதட்டைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டு தண்ணீர் எடுக்க ஓடினாள்.

"ஏனுங்க, கூப்பிட்டா திரும்ப மாட்டாளா?" என்று கேட்டேன்.

"அவ அப்புடித்தானுங்க டீச்சர். திமிரு. அவுங்கம்மா மாதிரி."

சொம்போடு வந்தவள் அதைக் கொடுத்துவிட்டு மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பினாள். நான் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். இரண்டு கையையும் சேர்த்து ஓங்கித் தட்டினேன். கூரைமேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் படபடவென்று பறந்தன. அவள் குச்சியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளாங்க இப்படி?"

"எப்புடிங்க?" அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "எங்களுக்கெல்லாமே காது மந்தந்தானுங்க. தறிக்காரன் ஊட்டுல ஆருங்க மொள்ளப் பேசறது? இவ பரவால்லீங்க. சத்தத்துக்குள்ள நின்னுட்டு என்ன பேசுனாலும் டக்குன்னு புடிச்சுக்குவா."

பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எங்கீங்க போடோணும்?"

"இன்னைக்கு வேண்டாமுங்க" என்று படிவத்தை மடித்துப் பைக்குள் திணித்தேன்.

என்ன வேலை இது

இந்தத் தொடரைப் படிக்கும் சிலர், உங்கள் வேலை என்ன என்பதே புரியவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். நியாயம்தான். எனக்கே பல நாள் புரிவதில்லை.

சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். எங்கள் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் கண் தெரியாத, காது கேட்காத, நடக்கச் சிரமப்படுகிற, மெதுவாகக் கற்கிற பிள்ளைகள் எல்லாரும் என் பட்டியலில் இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். மருத்துவ முகாமுக்குக் கூட்டி வர வேண்டும். அடையாள அட்டை வாங்கித் தர வேண்டும். பள்ளியில் உட்கார வைக்க வேண்டும். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. ஒவ்வொரு வருடமும் அந்த உத்தரவு வரும்வரை தூக்கம் வராது.

நடைமுறையில் நான் செய்வது போன் பேசுவது. சக்கர நாற்காலி வந்திருக்கும், கால் வைக்கிற பலகை வந்திருக்காது. போன் பேசுவேன். காலணி வந்திருக்கும், இரண்டும் இடதுகால். போன் பேசுவேன். பீளமேட்டில் சிறப்புக் கல்வி படித்தபோது எனக்குப் பெரிய பெரிய தத்துவங்கள் சொல்லிக் கொடுத்தார்கள். போனில் கத்தாமல் பேசுவது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு கதை சொல்கிறேன். எங்கள் மையத்தில் இயன்முறைப் பயிற்சி அறை மாடியில் இருந்தது. ஆமாம், நடக்க முடியாத பிள்ளைகளுக்கான அறை மாடியில். வளர்ந்த மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓர் அம்மா வாரம் இரண்டு முறை அந்தப் படியில் ஏறுவார். மேலே வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்க பயிற்சி எனக்குத்தான் நல்லா ஆகுதுங்க டீச்சர்" என்பார். அறையைக் கீழே மாற்றச் சொல்லி எத்தனை கடிதம் எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. ஒரு நாள் அதிகாரி ஒருவர் வண்டியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு ஆய்வுக்கு வந்தார். படிக்கட்டைப் பார்த்தார். அந்த வாரமே அறை கீழே வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒவ்வோர் அதிகாரியையும் பார்க்கும்போது, இவருக்கு எது உடைந்தால் எந்த வேலை நடக்கும் என்று என் மனம் கணக்குப் போடும். கெட்ட புத்திதான். மாற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

விமானச் சத்தம்

ஷெட்டிலிருந்து நேராகப் பள்ளிக்கு ஸ்கூட்டியை விட்டேன். தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டை மூடிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டாருங்களா மிஸ்?"

"இல்லீங்க. அந்தப் பொண்ணுக்குக் காது கேக்கலைன்னு நினைக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. "காது கேக்கலையா? நல்லா இருக்குதுங்க மிஸ் நீங்க சொல்றது. சூலூர் ஏர்போர்ஸ்ல இருந்து பிளேன் நம்ம தலைக்கு மேல போகும்போது எல்லாப் புள்ளைகளோடயும் சேந்து அவளும் நிமிந்து பாக்கறா. காது கேக்காமயா பாக்கறா?"

"மத்த புள்ளைங்க பாக்கறதைப் பாத்துட்டுப் பாக்கலாம்ல?"

"பேசறாளுங்களே. கொழகொழன்னு பேசறா, ஆனாப் பேசறா. காது கேக்காத புள்ளைக்கு ஏதுங்க பேச்சு?"

நான் வகுப்பறைக்குள் போனேன். ஐந்தாம் வகுப்பில் அவள் இடம் கடைசி பெஞ்சு. அங்கே போய் உட்கார்ந்து பார்த்தேன். ஆசிரியர் பாடம் நடத்தும்போது கரும்பலகையைப் பார்த்துத்தான் பேசுவார். அங்கிருந்து பார்த்தால் அவர் முதுகு மட்டும் தெரியும். இந்தப் பெண் முதல் வகுப்பு சேர்ந்ததே முகக்கவசக் காலத்தில். முதலில் ஆசிரியரின் வாயைத் துணி மூடியிருந்தது. துணி போனதும் முதுகு வந்தது. உதட்டைப் பார்த்து வாழ்கிற பிள்ளைக்கு நாங்கள் உதட்டையே காட்டவில்லை.

"கேள்வி கேட்டா முழிக்கறா மிஸ்" என்று வாசலில் நின்று சொன்னார் தலைமையாசிரியை. "நாங்களா ஒண்ணும் பண்ணல. உங்க முகாம்லதான் எழுதிக் குடுத்தாங்க."

அது உண்மை.

என் கையெழுத்து

அன்று மாலை அலுவலகத்துக்குப் போய்ப் பழைய கோப்பை எடுத்தேன். முகாம் நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தர்ஷினியின் மதிப்பீட்டுப் படிவம் மேலேயே இருந்தது. முதல் பக்கம் நாங்கள் நிரப்புவது. அதைப் பார்த்துத்தான் பிள்ளையை எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்று முடிவாகும். பார்வை: இயல்பு. கேட்டல்: இயல்பு. பேச்சு: தெளிவில்லை. கற்றல்: மிகவும் பின்தங்கியுள்ளார்.

கீழே என் கையெழுத்து.

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. பள்ளி மண்டபம், சுழலும் மின்விசிறி, வாசலைத் தாண்டி வெயிலில் நின்ற வரிசை. ஒரு பக்கம் குழந்தைகள் அழுகை, ஒரு பக்கம் மைக்கில் பெயர் கூப்பிடுகிறவர். எனக்குத் தலைவலி. தர்ஷினியின் அம்மாவிடம் தலையை நிமிர்த்தாமலே கேட்டிருப்பேன், "காது கேக்குமாங்க?" என்று. அவர், "நல்லாக் கேக்குமுங்க, தறிச் சத்தத்துலயே நாங்க பேசறது அத்தனையும் புரிஞ்சுக்குவா" என்று பெருமையாகச் சொன்னது இப்போது காதில் ஒலிக்கிறது. நான் 'இயல்பு' என்று எழுதினேன்.

தறி ஓட்டுகிற வீடுகளில் எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசுவார்கள். அந்த வீட்டில் காது கேட்காத பிள்ளை ஒன்று இருந்தால் அது குறையாகவே தெரியாது. சொல்லப்போனால் வீட்டிலேயே கெட்டிக்காரப் பிள்ளை அதுதான். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். நான் இந்த ஊரிலேயே வருடக்கணக்காகச் சுற்றுகிறவள். தறி வீட்டில் 'நல்லாக் கேக்கும்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஆசிரியர்களுக்கு நான் நடத்தும் பயிற்சியில் முதல் நாள் முதல் பாடமே இதுதான்: பெற்றோர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள், பிள்ளைக்குப் பின்னால் நின்று கூப்பிட்டுப் பாருங்கள், அரை நிமிட வேலை. எத்தனை மேடையில் இதைச் சொல்லியிருக்கிறேன்! கைதட்டுக்கூட வாங்கியிருக்கிறேன்.

அந்த அரை நிமிடத்தைத் தர்ஷினிக்கு நான் தரவில்லை. கேட்டல் இயல்பு என்று நான் எழுதியதால் அவளைக் காது மருத்துவரிடம் அனுப்பவில்லை. நேராக அறிவுத்திறன் சோதனைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் காகிதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு பதில் இல்லாமைக்கும் ஒரு சுழியம். எல்லாம் சேர்ந்து ஒரு சான்றிதழ்.

கிண்ணத்தில் மணி

அடுத்த வாரம் சின்னச்சாமியையும் தர்ஷினியையும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சத்தம் புகாத ஒரு சின்ன அறை. காதில் ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா ஒரு பாசி மணியை எடுத்துக் கிண்ணத்தில் போடு" என்று சோதனை செய்கிற பெண் நிதானமாக, முகத்தைப் பார்த்துச் சொன்னாள். தர்ஷினி தலையை ஆட்டினாள். ஒரே முறையில் புரிந்துகொண்டாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் சின்னச்சாமியும் நின்றோம். அந்தப் பெண் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். தர்ஷினி கையில் மணியோடு காத்திருந்தாள். காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து முதல் மணியைப் போட்டாள்.

"இது எவ்வளவு சத்தம்?" என்று கேட்டேன்.

"பக்கத்துல நின்னு கத்தற அளவுக்கு, மேடம்."

மூன்று வயதில் கடும் காய்ச்சல் கண்டு பத்து நாள் படுத்திருந்தாளாம். அதற்குள் பேச்சு வந்துவிட்டிருந்ததால் பேச்சு தங்கியது. காது போய்விட்டது. கருவி மாட்டினால் பெரும்பாலும் கேட்கும் என்றாள் அந்தப் பெண். பிறகு என்னிடம் மெதுவாக, "மூளையில ஒரு குறையும் தெரியலையே மேடம். இவ்வளவு நாள் உதட்டைப் பாத்தே சமாளிச்சிருக்கா. யார் இவளை அப்படி எழுதினது?" என்று கேட்டாள்.

"முகாம்ல" என்றேன்.

பேருந்தில் திரும்பும்போது சூலூர் தாண்டியதும் சின்னச்சாமி, "நூல் உருண்டை எறிஞ்சாத் திரும்புவா, கூப்புட்டாத் திரும்ப மாட்டா. எனக்கே தோணியிருக்கோணுமுங்க டீச்சர்" என்றார்.

உங்களுக்கு எதற்குத் தோன்ற வேண்டும், தோன்றுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கூடுதலாக

சான்றிதழை மாற்ற வேண்டும். ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர வேண்டும். 'அறிவுத்திறன் குறைபாடு' என்ற அட்டையோடு போனால் அந்தப் பள்ளியும் முதல் மாதமே வீட்டுவழிக் கல்விப் படிவத்தை நீட்டும். எனக்கு நிச்சயமாகத் தெரியும். நானே நீட்டியவள்தானே.

எனக்கு மேலே இருந்த அதிகாரியிடம் போனேன். அமைதியாகக் கேட்டார். டீ வரவழைத்தார். எனக்கு டீ வரவழைக்கும் அதிகாரிகளைக் கண்டாலே பயம்.

"தப்புன்னு எழுதாதீங்கம்மா" என்றார். "முகாம் தப்புன்னா அதுல பண்ணின எல்லாச் சான்றிதழையும் தோண்டுவாங்க. 'கூடுதலாகக் கேட்டல் குறைபாடு கண்டறியப்பட்டது'ன்னு எழுதுங்க. கருவியும் கிடைச்சுரும். அட்டையில ரெண்டும் இருக்கும். ரெண்டு இருந்தா அந்தக் குடும்பத்துக்குச் சலுகையும் கூடத்தான். அவங்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது."

"அந்தப் பொண்ணுக்குங்க சார்?"

"டீ ஆறுது, குடிங்க."

நான் பெரிய வீரம் காட்டினேன் என்று எழுத ஆசைதான். காட்டவில்லை. வீட்டுக்குப் போய் அவர் சொன்னபடியே எழுதினேன். 'கூடுதலாக' என்ற சொல்லை வைத்துத்தான் எழுதினேன். என் ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் அது. கருவி வாங்க நகல் ஒன்றைக் கொடுத்தேன். சான்றிதழ் பிரிவுக்குப் போக வேண்டிய மூலத்தை மட்டும் அனுப்பாமல் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒவ்வொரு பள்ளிக்கும் அது என்னோடு வந்தது. சாப்பாட்டு டப்பாவை எடுக்கும்போது கையில் படும். மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் நான் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். என் கணவர், "எந்தப் பள்ளிக்கூடத்துல என்ன ஆச்சு?" என்று கேட்டார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன்.

மரகதம்

காதுக் கருவி வந்தது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அன்று தறிக்கு விடுமுறை. தர்ஷினியின் அம்மா மரகதம் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றார்.

தர்ஷினிக்குக் கருவியை மாட்டி, சத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினேன். அவள் முதலில் தன் காலைப் பார்த்தாள். காலை மண்ணில் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். பிறகு வீட்டைச் சுற்றி ஓட ஆரம்பித்துவிட்டாள், செருப்பைச் சரட்டுச் சரட்டென்று இழுத்துக்கொண்டு.

மரகதம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க டீச்சர், ஒண்ணு கேக்கறேன். அப்ப எம்புள்ளைக்கு மூளையில ஒண்ணுமில்லீங்களா?"

"ஒண்ணுமில்லீங்க."

"பொறகு ஏனுங்க அப்புடி எழுதுனாங்க?"

எழுதினாங்க. அவருக்கு அது யாரோ. நான் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். வாய் அப்படித்தான் முதலில் திறந்தது. ஆனால் அந்தப் பெண் சுற்றிச் சுற்றி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நான்தானுங்க எழுதுனேன். முதல் காகிதத்துல காது நல்லாக் கேக்கும்னு எழுதுனது நான். சோதிச்சுப் பாக்கலீங்க. தப்பு எம்மேலதான்."

மரகதம் வாளியில் இருந்த துணியை எடுத்துப் பிழிந்தார். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தார்.

"கூப்புட்டுத் திரும்பலீன்னு முதுகுல எத்தன போடு போட்டிருக்கறேன் தெரியுங்களா? நோம்பிக்கு எங்கண்ணன் ஊட்டுக்கு ரெண்டு வருசமா இவளக் கூட்டீட்டே போகல. நாலு பேரு கேப்பாங்கன்னு. அந்தச் சீட்டு வந்ததுல இருந்து எங்க மாமியா, எங்கம்மா ஊட்டுப் பக்கம் ஆருக்கு இப்படி இருந்துச்சுன்னு கேட்டுக் கேட்டு என்னைய வதைக்குது. உங்களுக்கு ஒரு கோடு போடற வேலைங்க டீச்சர்."

"ஆமாங்க."

"ஆமாங்கன்னு சொல்லிப்போட்டா ஆச்சுங்களா?"

மரகதம் துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"சீட்ட மாத்தறது இருக்கட்டும், அது உங்க ஆபீசு வேலை. நீங்க இஸ்கூலுக்கு வந்து சொல்லோணும். அந்தப் புள்ளைக முன்னால. அங்கதான இவளுக்குப் பேரு வெச்சாங்க."

"என்ன பேருங்க?"

"ஸ்பெஷலு. 'ஏய் ஸ்பெஷலு, இங்க வாடி'ன்னுதான் கூப்புடறாங்களாமா."

லூசு, கிறுக்கு என்றெல்லாம் சொல்லக்கூடாது என்று நாங்கள் தேடிப் பிடித்த நல்ல சொல் அது. அதைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ததும் நாங்கள்தான். வகுப்புக்குள் நுழைந்ததும், புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பதற்காக, "ஸ்பெஷல் சில்ட்ரன் எல்லாம் எந்திரிங்க" என்போம். பட்டியலில் இருக்கும் பிள்ளை தனியாக எழுந்து நிற்கும். மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். இப்படித்தான் எல்லாப் பள்ளியிலும் செய்தோம். நானும் செய்தேன்.

ஐந்தாம் வகுப்பு

அன்றிரவு 'கூடுதலாக' கடிதத்தைக் கிழித்தேன். வேறொன்று எழுதினேன். நாலே வரி. கேட்டல் இயல்பு என்று நான் எழுதியது தவறு. சோதிக்காமல் எழுதினேன். அதன்மேல் வந்த சான்றிதழ் செல்லாது. இந்தப் பெண்ணுக்குப் புதிதாக மதிப்பீடு செய்ய வேண்டும்.

மறுநாள் அதை அதிகாரியின் கையில் கொடுக்கவில்லை. தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். மேசையில் கொடுக்கிற கடிதங்கள் எப்படிக் காணாமல் போகும் என்று எனக்குத் தெரியும். நாலாம் நாள் விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. அதிகாரி அதன்பிறகு எனக்கு டீ வரவழைத்ததே இல்லை.

அந்த வாரமே பள்ளிக்குப் போனேன். மரகதம் தறியை விட்டுவிட்டு, ஒரு நல்ல சேலை கட்டிக்கொண்டு, வகுப்பு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு, "இங்கயே நிக்கறனுங்க" என்றுவிட்டார்.

"புள்ளைங்க முன்னால எதுக்குங்க மிஸ் இதெல்லாம்?" என்று தலைமையாசிரியை என் காதருகே சொன்னார். "உங்க மரியாதைதான் போகும்."

"போகட்டுங்க."

மறுபடி பள்ளிக்கு வரத் தொடங்கியிருந்த தர்ஷினியை முதல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அதை மட்டும் நான் கேட்காமலே செய்திருந்தார்கள். இரண்டு காதிலும் கருவி. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"தர்ஷினிக்குப் பாடம் புரியாதுன்னு ஒரு பேப்பர்ல எழுதியிருந்தது" என்று ஆரம்பித்தேன். எழுதியிருந்ததாம். மறுபடி அதே ஒளிவு. நிறுத்திவிட்டு முதலிலிருந்து சொன்னேன். "அவளுக்குப் பாடம் புரியாதுன்னு சொல்றதுக்குக் காரணமான பேப்பரை எழுதுனது நான். நான் எழுதுனது தப்பு. அவளுக்குக் காதுதான் கேக்காம இருந்தது. இப்ப இந்த மெஷின் இருக்கு. நீங்க எல்லாரும் என்ன படிக்கிறீங்களோ, அதை அவளாலயும் படிக்க முடியும். அவ பேரு தர்ஷினி. வேற பேரு இல்லை."

கடைசி பெஞ்சில் யாரோ பென்சில் டப்பாவை மூடினார்கள்.

தர்ஷினி எழுந்து நின்றாள்.

"மறுபடி சொல்லுங்க மிஸ்."

அந்தக் கருவியில் ஏதாவது கோளாறோ என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து, "கேக்கலையா கண்ணு?" என்றேன்.

"கேட்டுதுங்க மிஸ்" என்றாள், அந்தக் குழகுழப்பான குரலில். "அவங்க பக்கம் பாத்துச் சொல்லுங்க."

வகுப்பைப் பார்த்துத் திரும்பினேன். சொன்னேன். முதல் தடவையைவிடச் சத்தமாக.

அவள் இன்னும் உட்காரவில்லை. கடைசி பெஞ்சைக் கையால் காட்டினாள்.

"அங்க இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காதுங்க மிஸ்."

நான் கடைசி பெஞ்சு வரைக்கும் நடந்து போய் மூன்றாவது முறையும் சொன்னேன்.